மயிற்றோகையும் எண்கணக்கும்: பேரறிஞர் சேர் றொனால்ட் பிஷரின் வரலாறு

நம் நகரத்திலே பிறடெறிக் கோட்டை வாயிலைக் கடந்து திருக்கோணேசர் ஆலயத்தை நோக்கிச் செல்வோர், வழியில் மரநிழலிலே நிற்கும் புள்ளிமான் கூட்டத்தைக் காணாமற் செல்வதில்லை. கலைமானுக்குக் கிளைத்த கொம்புண்டு, பிணைமானுக்கு அஃதில்லை. தம்பலகாமத்து வயலோரங்களிலும் கந்தளாய்க் காடுகளிலும் தோகை விரித்தாடுவது ஆண்மயில். பெடையோ மங்கிய நிறத்தினதாய் அருகே நெல்மணி பொறுக்கிக்கொண்டு நிற்கும். கொட்டியாரக் குடாவின் சேற்றுத்தரையில் ஒரு கை மட்டும் உடலளவிற்குப் பெருத்த சிறு நண்டுகளைச் சிறுவர் ஓடிப் பிடிப்பர். அப்பெருங்கையுடையனவும் ஆண்களே. உணவு தேடுதற்கு அக்கை உதவாது. பகையினின்று ஓடி ஒளிவதற்குத் தோகை உதவாது. இவ்வாறாயின், வாழ்க்கைப் போரிலே வலியதும் வாய்ப்புள்ளதுமே நிலைக்கும் என்னும் கூர்ப்புக் கொள்கைக்கு இவை எங்ஙனம் அடங்கும்?

தமிழிலக்கணம் இயற்றியோரும் இவ்விடத்திற் சற்றுத் தயங்கினர் என்பது சுவைக்கத்தக்கது. பறவைகளின் ஆணுக்கெல்லாம் சேவல் என்னும் பெயரை வழங்கிய தொல்காப்பியர், மரபியலிலே மயிலை மட்டும் அதற்கு விலக்காக வைத்தார். தோகையினாலே பெண்மைச் சாயல் பெற்ற ஆண்மயிலுக்கு அப்பெயர் பொருந்தாதெனப் பேராசிரியர் உரை கண்டார். மேனாட்டிலே சாள்ஸ் டார்வினுக்கும் இதே பறவைதான் தலையிடியாயிற்று. 1860ஆம் ஆண்டில் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்திலே, மயிலிறகைக் காணுந்தோறும் தமக்கு மனக்குமட்டலே உண்டாவதாக அவர் தெரிவித்தார். பின்னர் 1871இல் வெளியிட்ட நூலிலே இலிங்கத் தேர்வு என்னும் கருத்தை விரித்துரைத்தார். கலைகள் ஒன்றோடொன்று பொருது வெல்வதாற் கொம்பு வளர்ந்தது. பெடைகள் அழகியதைத் தெரிந்து கூடுவதாற் றோகை வளர்ந்தது என்பது அதன் சாரம். முன்னதைப் பலரும் ஏற்றனர். பின்னதை டார்வினோடு ஒருங்கே கூர்ப்புக் கொள்கையைக் கண்ட உவாலேசு என்பாரே ஏற்க மறுத்தார். பெடை ஏன் தோகையை விரும்பவேண்டும் என்னும் வினாவிற்கு டார்வினிடம் விடையில்லை.

அவ்விடையை முதலிற் கூறியவர், கண்பார்வை குன்றியமையாற் படையிற் சேர்க்கப்படாது பள்ளிக்கூடத்திலே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர். றொனால்ட் எயில்மர் பிஷர் என்னும் அவர் பெயரைப் புள்ளிவிபரவியல் பயின்ற நம் பழைய மாணவர் யாவரும் அறிவர். எவ் விகிதம் என்று நாம் மனனஞ் செய்த விகிதத்தில் உள்ள எவ் என்னும் எழுத்து, அவர் பெயரின் முதலெழுத்தைக் குறிப்பதற்காக அமெரிக்கர் ஒருவர் இட்டதேயாகும். இத்துணைப் பெரிய மனிதரின் வாழ்விலே போற்றுதற்குரியனவும் வருந்துதற்குரியனவும் விரவிக் கிடக்கின்றன. இரண்டையும் மறையாது கூறுதலே இவ்வாழ்க்கைக் குறிப்பின் கருத்து.

1890ஆம் ஆண்டு பெப்புருவரி 17ஆந் தேதி இலண்டன் மாநகரின் வடபுறத்து ஈசுற்று விஞ்சிலியிலே பிஷர் பிறந்தார். இரட்டையராய்க் கருவுற்றவருள் மூத்தது உயிரின்றிப் பிறக்க, இளையவராகிய இவர் பிழைத்தார். தந்தையார் கலைப்பொருள்களை ஏலத்தில் விற்கும் பெரிய வணிகர். பதினான்காம் வயதில் அன்னையாரை இழந்த பிஷர், ஓரிரு ஆண்டுகளுள் தந்தையார் வணிகத்தில் நொடித்துப்போகவுங் கண்டார். அரோப் பள்ளியிலே உதவிச் சம்பளம் பெற்றுப் படித்தமையாற் கல்வி தடைப்படவில்லை. கண்கள் மிகக் குன்றியமையால் மின்னொளியிற் படித்தல் ஆகாதென மருத்துவர் தடுத்தனர். ஆதலின் மாலை வேளைகளிலே தாளும் எழுதுகோலும் இன்றி, ஆசிரியர் வாயாற் சொல்லக் கேட்டே கணிதம் பயின்றார். அதன் பயனாக எக்கணக்கையும் மனக்கண்ணில் வடிவமாகக் கண்டு தீர்க்கும் பழக்கம் அவருக்குக் கைவந்தது. விடையை முன்னே கண்டுவிட்டு, வழியைப் பின்னே எழுதுவார். சில வேளை எழுதாமலும் விடுவார். அவர்தம் கட்டுரைகளைப் பயில்வோர் இன்றுவரை அல்லலுறுவதற்கு அவ்விளமைப் பழக்கமே காரணம் என்பர்.

1909இற் கேம்பிரிட்ஜ் சென்று 1912இற் கணிதத்தில் முதல் வகுப்பிற் றேறினார். பின்பு கனடாவில் ஒரு பண்ணையிற் சிலகாலம் உழைத்தார். இலண்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்திற் கணக்கராயிருந்தார். முதல் உலகப்போர் மூண்டபோது படையிற் சேர விழைந்தும் கண் காரணமாகத் தள்ளப்பட்டார். 1915 முதல் 1919 வரை பள்ளிகளிலே கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். அவற்றுள் ஒன்று உவூசுற்றர் என்னும் கப்பற் பயிற்சிக்கூடம். துறைமுகப் பட்டினத்தாராகிய நமக்கு இச்செய்தி ஒரு சிறு உவகை தரலாம். ஆனால் ஆசிரியத் தொழில் அவருக்குச் சற்றும் இசையவில்லை. தமக்குத் தெளிவானது பிறர்க்குந் தெளிவாயிருக்கும் என எண்ணுவோர் வகுப்பறையிற் படும்பாட்டை நம் ஆசிரியர்கள் நன்கறிவர்.

அக்காலத்திலேதான், 1915ஆம் ஆண்டு, பெடைகளின் விருப்பம் எங்ஙனம் கூர்ப்படைந்தது என்னும் சிறு கட்டுரையை எழுதினார். 1930இல் வெளிவந்த பெருநூலிலே அக்கருத்து முழுமை பெற்றது. அதனை எளிதிற் கூறுவோம். தொடக்கத்திலே சற்று நீண்ட தோகை, நல்லுடல் வாய்ந்த ஆணின் அறிகுறியாயிருந்தது என்று கொள்வோம். அதனை விரும்பிய பெடைக்கு நன்மக்கள் வாய்ப்பர். ஆதலின் விருப்பம் பரவும். விருப்பம் பரவியபின் நிலைமை மாறுகிறது. நீண்ட தோகையுடைய ஆண், வலிமையால் மட்டுமன்றி விரும்பப்படுதலாலேயே மிகுந்த மக்களைப் பெறுகின்றது. அம்மக்கள் தந்தையின் தோகையையும் தாயின் விருப்பத்தையும் ஒருங்கே மரபுரிமையாகப் பெறுவர். பெடை நீண்ட தோகையைத் தெரியுந்தோறும், அத்தெரிவிற்குக் காரணமான பரம்பரையலகுகளையும் அறியாமலே தெரிந்துகொள்கின்றது. ஆகவே தோகையும் விருப்பமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஓட்டத்தின் வேகம் ஏலவே ஓடிய தூரத்திற்கேற்பப் பெருகும். கூட்டு வட்டி பெருகுவது போல. முதலீட்டு நிறுவனத்தில் இருந்தவரன்றோ! தோகையின் சுமையினாலே சிறுத்தைக்கு இரையாகும் நட்டம், விரும்பப்படுதலால் வரும் இலாபத்தை விஞ்சும்போதுதான் அவ்வோட்டம் நிற்கும். பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த இக்கருத்தை 1981இல் இலாண்டே என்னும் அமெரிக்க அறிஞர் சமன்பாடுகளில் அமைத்துக்காட்டிய பின்னரே உலகம் அதன் ஆழத்தை உணர்ந்தது.

1917இல் பிஷர், பதினேழு வயது நிரம்பிய சில நாட்களில் உரூத்து ஐலீன் கின்னசு என்னும் பெண்ணை, அவர்தம் தாயார் அறியாவண்ணம் மணந்துகொண்டார். இருவரும் பள்ளிக்கருகே சிறு நிலம் பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் பெரும்பாலும் தம் விளைவிலேயே உண்டு வாழ்ந்தனர். அவ்வாழ்விற்கிடையே எழுதிய கட்டுரையொன்று 1918இல் எடின்பரோவிற் பதிப்பிக்கப்பட்டது. மெண்டலின் பரம்பரை விதிகளும், உயரம் போன்ற தொடர்ந்து வேறுபடும் இயல்புகளைப் பற்றிய அளவைகளும் ஒன்றோடொன்று முரணா என அக்கட்டுரை நிறுவிற்று. மாறற்றிறன் என்று நாம் வழங்கும் அளவைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அக்கட்டுரையிலேதான் பிறந்தது. இலண்டன் இறோயல் சங்கத்தில் அதனை ஆராய்ந்த இருவரும், ஒருவர் புள்ளிவிபர அறிஞர் காள் பியர்சன், மற்றவர் பரம்பரையியலார் பன்னற்று, ஊக்கந் தராமையால் அவர் அதனைத் திரும்பப் பெற்றிருந்தார். பியர்சனோடு அன்று தொடங்கிய மனக்கசப்பு இருவரது வாழ்நாள் முழுதும் தீரவில்லை. டார்வினின் புதல்வராகிய இலெனாட்டு டார்வின் அளித்த ஆதரவே இளைஞரைத் தாங்கிற்று.

1919ஆம் ஆண்டு றொதாம்சுற்றெட்டு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலே அவருக்குத் தற்காலிகப் பதவியொன்று கிடைத்தது. 1843 முதல் அங்கே திரட்டப்பட்ட விளைச்சற் கணக்குகள் குவிந்து கிடந்தன. அவற்றினின்று ஏதேனும் பெறலாமா என்று பார்ப்பதற்கே அவரை அழைத்தனர். வந்தவர் பதினான்கு ஆண்டுகள் அங்கே தங்கி, பரிசோதனை செய்யும் முறையையே மாற்றியமைத்தார்.

அவர் கண்ட வழியை நம்மூர் வயலொன்றிலே வைத்து நோக்கலாம். வாய்க்காலுக்கு அருகேயுள்ள துண்டுகள் இயல்பாகவே செழிப்பன. மேட்டுத் துண்டுகள் வறள்வன. புதிய பசளையை விரும்புகின்ற கமக்காரன், தன்னை அறியாமலே அதனை வாய்க்காலோரத் துண்டுக்கு இடுவான். விளைச்சல் மிகும், பசளை புகழ் பெறும். இத்தகைய பக்கச்சார்பை நல்லெண்ணத்தாலோ கவனத்தாலோ தவிர்க்க இயலாது என்பதை பிஷர் கண்டார். எத்துண்டுக்கு எப்பசளை என்பதைச் சீட்டுக் குலுக்கி எழுமாற்றாகத் தீர்மானித்தல் வேண்டும். ஒரே பசளையைப் பல துண்டுகளில் இட்டுப் பார்த்தல் வேண்டும் என்றார். அங்கே அவரோடு சேர்ந்து தானியப்பயிர், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் பரிசோதனைகளை நடத்திய ஈடன் என்பவர், பின்னர் நம் நாட்டுத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்து, தேயிலைத் தோட்டப் பரிசோதனைகளில் நேரும் வழுக்களைப் பற்றி 1931இற் கட்டுரை எழுதினார். இவ்வாறு பிஷரின் முறை தலவாக்கலை மலைச்சரிவிலே மிக விரைவிற் கால்கொண்டது.

தேயிலை என்றவுடன் மற்றொரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. றொதாம்சுற்றெட்டிலே ஒரு மாலை, பாசிகளை ஆராயும் பெண் அறிஞர் ஒருவருக்கு பிஷர் தேநீர் அளித்தார். கோப்பையில் முதலிற் பாலை ஊற்றவில்லையே என அவர் மறுத்தார். முன்னே ஊற்றினும் பின்னே ஊற்றினும் சுவை ஒன்றே என பிஷர் கூற, தம்மால் வேறுபாடு காண முடியும் என அம்மையார் வற்புறுத்தினார். உடனே எட்டுக் கோப்பைகள் வைக்கப்பட்டன, நான்கில் பால் முந்தியது, நான்கில் தேநீர் முந்தியது, எழுமாற்றான வரிசை. எட்டினுள் நான்கைத் தெரிவதற்கு 70 வழிகள் உண்டு. ஆதலின் ஒன்றும் அறியாதவர் முழுதும் சரியாகக் கூறுதற்கு எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. 1935இல் வெளிவந்த பரிசோதனை அமைப்பு நூலின் தொடக்கத்திலே இவ்வெட்டுக் கோப்பைகளையே அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். ஆனால் அம்மையாரின் பெயரையோ பரிசோதனையின் முடிபையோ கூறவில்லை.

இனி நாம் கூற எடுத்துக்கொண்ட பொருளின் நடுவிடத்திற்கு வருவோம். ஒரே வினாவைப் பலர் பலவிடங்களில் ஆராய்ந்து, ஒவ்வொருவரும் ஐயத்திற்கிடமான விடையே பெற்றனர் எனின், எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்துத் தெளிந்த விடையொன்று பெறலாமா? இராணுவ வீரர்க்கு இடப்பட்ட நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிய கணக்குகளை 1904இற் பியர்சன் இவ்வாறு தொகுத்துப் பார்த்தார். பிஷர், 1925இல் முதன்முதல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற கைந்நூலின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பிலே, எவரும் கையாளத்தக்க எளிய வழியொன்றைத் தந்தார். ஒவ்வோர் ஆய்விலும் அத்தகைய முடிபு தற்செயலாய் நேரக்கூடிய நிகழ்தகவை எடுத்து, அதன் இயற்கை மடக்கையைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையை மறை இரண்டாற் பெருக்கினால், கைவர்க்க அட்டவணையிலே விடை காணலாம் என்பதே அவ்வழி.

எடுத்துக்காட்டாக, மூன்று ஆய்வுகள் தனித்தனியே பத்தில் ஒன்று என்னும் நிகழ்தகவைத் தந்தன என்க. தனித்து நின்றால் எதுவும் எவரையும் வியப்பிலாழ்த்தாது. அவற்றை வெறுமனே ஒன்றோடொன்று பெருக்கி ஆயிரத்தில் ஒன்று எனக் கொள்வதும் பிழை. பிஷர் முறையாற் சேர்த்தால் ஏறத்தாழ நூற்றில் மூன்று என வரும், கவனிக்கத்தக்க சான்றுதான். ஆனால் அதே பொருளைப் பற்றி வேறு மூவரும் ஆராய்ந்திருந்தனர். அவர்க்குக் கிடைத்தவை பத்தில் ஐந்து, ஆறு, ஒன்பது. பயனில்லையெனத் தாள்களை மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டனர் என்க. ஆறினையுஞ் சேர்த்தால் விடை நூற்றிற் பதினேழுக்கு ஏறிவிடும். சான்று கரைந்து போயிற்று. கணக்கிலே பிழையில்லை, கணக்கிற்கு வந்து சேர்ந்தவற்றிலேதான் பிழை. இலாச்சியிற் பூட்டுண்ட ஆய்வுகளின் இவ்விடரை 1979இல் உரோசெந்தால் என்னும் உளவியலார் பெயரிட்டு விளக்கினார். வயலிலே வாய்க்காலோரத் துண்டைத் தெரியும் கையைச் சீட்டுக் குலுக்கித் தடுத்த பிஷரின் முறை, அச்சகத்தின் வாயிலிலே நின்று தெரியும் கையைத் தடுக்க வல்லதன்று.

இவ்விடர் மிகுதியும் வெளிப்பட்ட துறைகளுள் ஒன்று பிஷர் தாமே வழிதிறந்த இலிங்கத் தேர்வாராய்ச்சி என்பது விந்தையே. 1947இல் அவரும் தாளிந்தன் என்பாரும் சேர்ந்து பரம்பரையியலுக்கென ஒரு வெளியீட்டைத் தொடங்கினர். மறுவாண்டு அதிலே பேற்றுமன் என்பவர் பழ ஈக்களைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். ஆண் ஈ பல துணைகளைக் கூடக் கூடக் குஞ்சுகள் பெருகும். பெண்ணுக்கு ஒரு துணைக்குமேற் பயனில்லை என்று பிற்காலப் பாடநூல்கள் அதனை மேற்கோள் காட்டின. ஆனால் பேற்றுமன் நடத்திய பரிசோதனைத் தொடர்கள் ஆறு. முதல் நான்கையும் ஒரு வரைபிலும், பின் இரண்டை வேறொரு வரைபிலும் அவர் சேர்த்திருந்தார். பெண்ணுக்குப் பயனில்லை என்பது இரண்டாம் வரைபில் மட்டுமே தெளிவாயுள்ளது. முதல் வரைபிலே பெண்ணுக்கும் ஓரளவு பயன் காணப்படுகின்றது. உலகம் இரண்டாவதையே நினைவிற் கொண்டது. அன்றியும், தந்தையர் கணக்கிலே சேர்ந்த குஞ்சுகள் தாயர் கணக்கிற் சேர்ந்தவற்றினும் மிகுந்திருந்தன. குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தந்தை ஒன்று, தாய் ஒன்று ஆதலின் இஃது ஒருக்காலும் இயலாதது. 2012இற் கோவாற்றியும் துணைவரும் அப்பரிசோதனையைப் பழைய முறைப்படியே மீளச் செய்தனர். பெற்றோரை அடையாளங் காணுதற்கெனத் தெரிந்த விகாரங்கள் இரண்டையும் ஒருங்கே பெற்ற குஞ்சுகள் பல முன்னரே மடிந்துபோவதும், அதனாற் கணக்கே கோணுவதும் அவர்களாற் கண்டறியப்பட்டன. அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன, ஒருவர் மீளச் செய்து பார்ப்பதற்கு!

நம் வீட்டுக் கூரையிற் கூடுகட்டும் சிட்டுக்குருவியின் கதையும் இத்தகையதே. ஆண்குருவியின் கழுத்திலுள்ள கறுப்பு மறு எத்துணைப் பெரிதோ, அத்துணை அது தன் கூட்டத்தில் மேம்பட்டது எனப் பாடநூல்கள் பல கூறிவந்தன. 2018இல் ஆராய்ச்சிக் குழுவொன்று அச்சேறிய ஆய்வுகளோடு அச்சேறாதவற்றையும் தேடிப் பெற்றுச் சேர்த்துப் பார்த்தது. அச்சேறியவற்றிற் காணப்பட்ட தொடர்பு அச்சேறாதவற்றிற் காணப்படவில்லை. மொத்தத்தில் உறுதியாகக் கூறத்தக்க தொடர்பு எதுவும் எஞ்சவில்லை. மயிலின் செய்தியோ இன்னும் முடிந்தபாடில்லை. இங்கிலாந்திலே மரியன் பெற்றி அம்மையார், தோகையிற் கண் மிகுந்த ஆண்களைப் பெடைகள் மிகுதியும் விரும்புவதாக 1991இல் எழுதினார். யப்பானிலே ஏழாண்டுகள் ஆராய்ந்தோர் அத்தகைய தொடர்பு எதையுங் காணவில்லை என 2008இல் எழுதினர். தம்பலகாமத்து மயில்களை எவரேனும் எண்ணிப் பார்த்தால் நன்று. எண்ணுவோர், விடை எதுவாயினும் அச்சிடுவதென முன்னரே உறுதி கொள்ளல் வேண்டும்.

கணக்கிலே ஒளிந்திருக்கும் கையைக் காணும் கண் பிஷருக்கு வேறெவர்க்கும் மேலாக வாய்த்திருந்தது என்பதற்கு அவரது மெண்டல் ஆராய்ச்சியே சான்று. மெண்டலின் பட்டாணிப் பரிசோதனைகளின் எண்களையெல்லாம் கைவர்க்க முறையாற் றொகுத்து 1936இல் ஆராய்ந்தார். விதி கூறும் விகிதங்களோடு அவ்வெண்கள் அளவிற்கு மிஞ்சிப் பொருந்தின. எவ்வகைத் திருத்தமுஞ் செய்யாத மெய்யான எண்கள் அத்துணை நெருங்கிப் பொருந்துவதற்கு இலட்சத்தில் ஏழு வாய்ப்பே உண்டு. அதனினும் வியப்பானது ஒன்று. ஒரு பரிசோதனையிலே மெண்டல் ஒவ்வொரு செடிக்கும் பத்துச் சந்ததிகளை மட்டுமே வளர்த்துப் பார்த்தார். கலப்புச் செடியொன்றின் பத்துச் சந்ததிகளும் ஆட்சியான இயல்பையே காட்டுதல் நூற்றில் ஐந்தாறு முறை நேரக்கூடும். அவை தூய செடிகளெனத் தவறாக எண்ணப்படும். ஆகவே மெண்டல் காணவேண்டியது இரண்டுக்கொன்று என்னும் விகிதமன்று, அதனினின்று சற்று விலகியதொன்று. அவரோ தாம் எதிர்பார்த்த இரண்டுக்கொன்றையே கண்டார்! மெண்டலின் நேர்மையை பிஷர் ஐயுறவில்லை; எதிர்பார்ப்பை நன்கறிந்த உதவியாளன் ஒருவனின் வேலையாயிருக்கலாம் எனக் கருதினார். இதனைக் குறித்து அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். இரசாயன ஆய்வுகூடத்திலே விடையை முன்னே அறிந்து அளவீட்டைப் பின்னே எழுதும் மாணவர் இதனைப் படித்தபின் தம் குறிப்பேட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக.

1929இல் இறோயல் சங்கத்து அங்கத்தவரான பிஷர், 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் 1943இற் கேம்பிரிட்ஜிலும் பேராசிரியரானார். வீட்டிலும் ஆய்வுகூடத்திலும் எலி, நத்தை, கோழி முதலியன வளர்த்தார். காட்டுக்கோழியோடு வீட்டுக்கோழியைக் கலந்து ஆட்சியியல்பை ஆராய்ந்தார். அவருக்கும் இந்தியாவிற்கும் இருந்த தொடர்பு நெருக்கமானது. கல்கத்தாவிலே மகலனோபிசு 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளிவிபர நிறுவகம் அவருக்கு இரண்டாம் இல்லம் போன்றது. 1938 சனவரியில் அங்கே கூடிய முதலாவது இந்தியப் புள்ளிவிபர மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். பரிசோதனை முடிந்தபின் புள்ளிவிபர அறிஞரை நாடுதல், இறந்தவனுக்கு மருத்துவரை அழைத்து மரண காரணங் கேட்பது போலும் என்னும் கருத்துப்பட அவர் ஆற்றிய தலைமையுரை பின்னர் உலகெங்கும் பரவிற்று. அவரிடம் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்ற சீ. ஆர். இராவ் அவர்கள் இந்தியாவின் புகழை உலகறியச் செய்து, 2023இல் நூற்றிரண்டு ஆண்டு நிறைந்தவராய் மறைந்தார். வெள்ளையரல்லாத மாணவரைப் பெருமதிப்போடு நடத்திய அதே பிஷர், மனித இனங்கள் உள்ளத்தின் ஆற்றல்களிலும் வேறுபடுவன எனக் கூறி, யுனெசுக்கோ வெளியிட்ட இன அறிக்கைக்கு மறுப்புத் தெரிவித்தார். அம்மறுப்பு 1952இல் வெளியாயிற்று.

இவ்வேறுபாட்டை மூடி மறைத்தல் தகாது. மாணவப் பருவத்திலேயே நல்லினப் பெருக்கம் என்னும் இயக்கத்தில் அவர் ஈடுபட்டவர். 1930இன் பெருநூலிலே ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி, மேற்குடியினர் மக்களைக் குறையப் பெறுதலால் நாகரிகங்கள் அழிகின்றன என்னும் வாதத்திற்கே செலவிடப்பட்டது. மனவளர்ச்சி குன்றியோருக்கு, அவர்தம் உடன்பாட்டோடு, கருத்தடை அறுவை செய்தலை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் எனவும் அவர் வாதாடினார். குறைவுற்றோராகக் கருதப்பட்டவரின் உடன்பாடு எத்துணை உடன்பாடாயிருக்கும் என்பதை அவர் எண்ணிப்பார்த்தாரல்லர். மயிலுக்குப் பொருந்திய கணக்கை மனிதச் சமூகத்திற்கு அவ்வாறே ஏற்றுவதற்கு வேண்டிய சான்று அவரிடம் இருந்ததில்லை. அங்கே எழுமாற்றும் இல்லை, மீள்பரிசோதனையும் இல்லை. அவர் நினைவாகக் கேம்பிரிட்ஜ்க் கல்லூரியில் 1989இற் பதிக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரம் 2020இல் அகற்றப்பட்டது.

இல்வாழ்விலும் துயரங்கள் வந்தன. விமானப்படையிலிருந்த மூத்த மகன் 1943இல் மாண்டார். அக்காலத்திலேயே மனைவியாரோடு வாழ்ந்த வாழ்வும் முறிந்தது. மாலை தோறும் அவர் சொல்லச் சொல்ல 1930இன் பெருநூலைத் தம் கையால் எழுதித் தந்தவர் அம்மனைவியாரே. சினம் மிக்கவர், மறுப்பைப் பொறாதவர் என்று உடனிருந்தோர் பலர் அவரைக் குறைகூறினர். 1952இற் சேர் பட்டம் வந்தது.

எல்லாவற்றினும் வருந்தத்தக்கது அவர் இறுதிக்காலத்துப் புகையிலை வாதம். 1950இலும் அதன் பின்னரும் தோலும் இல்லும் என்னும் இரு பிரித்தானிய அறிஞர், புகைபிடித்தல் சுவாசப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றது எனச் சான்றுகள் திரட்டி வெளியிட்டனர். 1957 முதல் பிஷர் அதனை எதிர்த்து எழுதினார். இணைபு காரணமாகாது என்பது அவர் வாதம். புகைக்கும் விருப்பத்திற்கும் புற்றுநோய்க்கும் பொதுவான பரம்பரைக் காரணம் ஒன்று இருக்கலாமே என்றார். ஒத்த இரட்டையர் புகைக்கும் பழக்கத்திலும் ஒத்திருப்பதைச் சான்றாகக் காட்டினார். இவ்வளவும் நியாயமான வினாவே. ஆனால் முதல் ஆய்விலே புகையை உள்ளிழுப்போர்க்கு நோய் குறைவாகத் தோன்றிய ஓர் அட்டவணையைப் பற்றிக்கொண்டு, எதிராகக் குவிந்த பிற சான்றுகளையெல்லாம் ஒதுக்கினார். பலருடைய சான்றுகளைச் சேர்த்துக் காண வழி வகுத்தவர், தமக்குப் பிடித்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அக்காலத்தில் அவர் புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராக ஊதியம் பெற்றுவந்தார். வாயிற் புகைக்குழாய் அகலாதவராகவும் இருந்தார். ஊதியம் அவர் கருத்தை மாற்றியதா, முன்னரேயிருந்த கருத்துக்கு ஊதியம் வந்ததா என்பதில் எழுதியோர் வேறுபடுவர். மறுப்பையே இயல்பாகக் கொண்ட உள்ளம் அது என்பதே எம் கருத்து. ஆயினும் அத்துணைப் பெயர் பெற்ற ஒருவரின் ஐயம் புகையிலை வணிகர்க்கு எத்துணை வாய்ப்பாயிற்று என்பதை அளவிடல் அரிது. 1964இல் அமெரிக்க அரசின் மருத்துவத் தலைவர், 7,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து நோக்கி, புகைபிடித்தல் அந்நோய்க்குக் காரணம் என அறிக்கை வெளியிட்டார். அதனைக் காண பிஷர் இருக்கவில்லை.

1957இற் கேம்பிரிட்ஜினின்று இளைப்பாறிய அவர், 1959இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகருக்குச் சென்று, அங்குள்ள அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்திலே தம் பணியைத் தொடர்ந்தார். குடலிலே புற்றுநோய் கண்டு அறுவைச் சிகிச்சை பெற்றபின், 1962ஆம் ஆண்டு யூலை 29ஆந் தேதி காலமானார். அவரது சாம்பல் அந்நகரின் சென் பீற்றர் பேராலயத்திலே வைக்கப்பட்டுள்ளது. வாழ்நாளில் எழுதிய கட்டுரைகளெல்லாம் 1971 முதல் 1974 வரை அடிலெயிட் பல்கலைக்கழகத்தால் ஐந்து தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன. பெடையின் விருப்பத்தைப் பற்றிய 1915ஆம் ஆண்டுக் கட்டுரை அவற்றுள் முதற்றொகுதியில் உள்ளது.